மருத்துவமனை மருந்தகத்தில் தவறுப் பதிவேட்டைத் தொடங்குவது எப்படி?

மருந்து மாறிப்போவதையும் அளவு பிசகுவதையும் தடுக்க, "கவனமாகப் பணியாற்றவும்" என்று சுற்றறிக்கை அனுப்பிக் கையெழுத்து வாங்குவதே பல மருந்தகங்களில் வழக்கம். அதனால் பயன் விளைந்ததாகத் தெரியவில்லை. எந்த ரேக்கில், எந்த நேரத்தில், எந்த இரண்டு மருந்துகளுக்கு இடையில் குழப்பம் நேர்கிறது என்பது ஊழியர்களுக்குத் தெரிந்தால்தான் விழிப்புணர்வு வரும். அதைத் தெரிந்துகொள்ள ஒரு பதிவேடு போதும்.

நோயாளியைச் சென்றடைந்த தவறுகளை மட்டுமல்லாமல், வழியிலேயே தடுக்கப்பட்டவற்றையும் அதில் எழுத வேண்டும். சர்க்கரை நோய் மாத்திரையான கிளிமிபிரைடு 1 மி.கி. கேட்ட சீட்டுக்கு 2 மி.கி. ஸ்ட்ரிப் எடுக்கப்பட்டு, கவுன்ட்டரில் சரிபார்த்தவர் அதைக் கண்டுபிடித்தால், ஸ்ட்ரிப்பை ரேக்கில் திரும்ப வைத்துவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பதுதான் நடைமுறை. உண்மையில் யாருக்கும் தீங்கு நேராமல் நமக்குக் கிடைத்த எச்சரிக்கை அது. தேதி, ஷிப்ட், கேட்ட மருந்து, எடுத்த மருந்து, எந்தக் கட்டத்தில் பிடிபட்டது, காரணம் என்னவாக இருக்கலாம் என்பவற்றைக் குறித்தால் போதும். தவறியவரின் பெயர் வேண்டாம். பதிவேட்டை ஆதாரமாகக் கொண்டு ஒரே ஒருவருக்கு மெமோ கொடுக்கப்பட்டாலும் அதன்பின் யாரும் அதில் உண்மையை எழுத மாட்டார்கள்.

வாரம் ஒருமுறை, இரவுப் பணியாளர்களும் கலந்துகொள்ளும்படி, பொறுப்பு மருந்தாளுநர் பதிவுகளை வாசித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது ஒரு மாற்றத்தையாவது செய்ய வேண்டும். அகர வரிசையில் அடுக்கியதால் டோபமைனும் டோபுட்டமைனும் அருகருகே இருந்தால், அவற்றைத் தள்ளி வைத்து, பெயரில் மாறுபடும் எழுத்துகளை மட்டும் பெரிதாக அச்சிட்டு ஒட்டலாம்.

பதிவுகள் சேரும்வரை காத்திராமல் முதல் நாளிலேயே செய்ய வேண்டியவையும் உண்டு. பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் (ஊசி மருந்து அடைத்த சிறு குப்பி), ஊசி மருந்து கலக்கப் பயன்படும் சுத்திகரித்த நீரின் ஆம்பூலைப் போலவே தோன்றும்; நீர்க்காமல் நேரடியாகச் சிரையில் செலுத்தினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். எனவே தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற இடங்கள் தவிர, பொது வார்டுகளின் இருப்பிலிருந்து அதை மருந்தகத்துக்குத் திரும்பப் பெற்று, தனிப் பெட்டியில், "நீர்த்த பின்னரே செலுத்தவும்" என்ற ஒட்டுத்தாளுடன் வைக்க வேண்டும்.

இன்சுலினுக்கு வாய்மொழி அறிவுரை போதாது. நம் நாட்டில் மி.லி.க்கு 40 யூனிட் கொண்ட குப்பிகளும் 100 யூனிட் கொண்டவையும் புழங்குகின்றன. முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. பயிற்சியின்போது இரண்டையும் மேசையில் வைத்து ஊழியர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 40 என்ற கோடுவரை இழுத்தால் 16 யூனிட்டே கிடைக்கும். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் 50 யூனிட் உள்ளே போகும். தம் கையால் ஒருமுறை கணக்கிட்டவர், குப்பிக்குப் பொருந்தாத சிரிஞ்சை எடுத்துக் கொடுக்கத் தயங்குவார்.

முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே உட்கொள்ள வேண்டியது. தினமும் உட்கொண்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். அதனுடன் சேர்த்து எழுதப்படும் ஃபோலிக் அமிலமும் மஞ்சள் நிறச் சிறு மாத்திரையாக வருவதுண்டு என்பதால், இரண்டையும் ஒரே உறையில் போடக் கூடாது. உறையின் மேல் "ஞாயிறு மட்டும்" என்று கிழமையைத் தமிழில் எழுதி, நோயாளியையோ உடன் வந்தவரையோ அதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

சீட்டில் 1.0 என்பது 10 ஆகவும், முன்னால் சுழியம் இல்லாத .5 என்பது 5 ஆகவும் வாசிக்கப்படும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஐயம் வந்தால் மருத்துவரை அழைத்துக் கேட்பதும், கேட்டதைத் திரும்ப வாசித்துக் காட்டுவதும் மருந்தாளுநரின் உரிமை. வீட்டுக்கு அனுப்பும்போது, நோயாளியிடம் ஏற்கெனவே உள்ள மாத்திரைகளையும் வாங்கிப் பாருங்கள். மருத்துவமனை கொடுத்த இரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினையும் வீட்டிலுள்ள வேறு பிராண்டு அம்லோடிபினையும் சேர்த்து விழுங்குவோர் உண்டு.

மருந்தால் பாதக விளைவு ஏற்பட்டதாக ஐயம் இருந்தால், பதிவேட்டோடு நில்லாமல், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம்.

தொடக்க மாதங்களில் பதிவுகளின் எண்ணிக்கை கட்டாயம் கூடும். அதுவரை மறைந்திருந்தவை வெளிவருவதே காரணம். தவறுகள் பெருகிவிட்டதாக நிர்வாகம் கருதிவிடாதபடி, பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே கண்காணிப்பாளரிடம் இதை விளக்கி, அதன் அடிப்படையில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படாது என்ற உறுதியை எழுத்து மூலமாகப் பெற்று, முதல் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.