சித்தியின் புடவையும் இரண்டு போன் நம்பர்களும்

போன தீபாவளிக்கு முன்னால் என் சித்தி ஓர் இணையக் கடையில் 1,899 ரூபாய்க்குப் பட்டுப்புடவை ஆர்டர் செய்தார். வந்தது பாலியஸ்டர். கூகுளில் கடையின் பெயரோடு 'கஸ்டமர் கேர்' என்று சேர்த்துத் தேடி, முதலில் வந்த எண்ணுக்குப் பேசினார். எடுத்தவன் "ரீஃபண்ட் இப்பவே போட்டுடலாம்மா" என்று சொல்லி, திரையைப் பகிரும் ஒரு செயலியை இறக்கச் சொன்னான். பத்து நிமிடத்தில் கணக்கிலிருந்து 34,000 ரூபாய் போய்விட்டது.

கூகுளில் எண் தேடியதுதான் முதல் தவறு. கடையின் எண்ணை அதன் செயலிக்குள், உங்கள் ஆர்டர் பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். ஆனால் அதைவிடப் பெரிய தவறு அடுத்து நடந்தது. அன்று சனிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும் என்று சித்தி காத்திருந்தார்.

பணம் திருடு போனால் அந்த நிமிடமே 1930-க்குப் போன் போட வேண்டும். அது சைபர் குற்ற உதவி எண். திருடிய பணத்தைக் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே போவார்கள். அது எங்காவது ஒரு கணக்கில் நிற்கும்போது தகவல் போனால்தான் அந்த வங்கியால் முடக்க முடியும். அப்புறம் உங்கள் வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கும் சொல்லுங்கள். நம் கவனக்குறைவால் போன பணம் என்றாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு விதி.

சரி, புடவை? அது வேறு வழக்கு, அதற்கு எண்ணும் வேறு. மட்டமான பொருள், வராத பார்சல், தராத ரீஃபண்ட் இதெல்லாம் 1915, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, கிழிந்த சட்டைக்கு சைபர் போலீசுக்கும் திருடு போன பணத்துக்கு 1915-க்கும் அலைகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் அலைகிற நேரத்தில்தான் பணம் கைமாறுகிறது.

1915-க்குப் போவதற்கு முன் கடையின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலர் போனிலேயே பேசிப் பேசி ஓய்ந்துவிடுகிறார்கள். பேசியதற்கு நம் கையில் என்ன அத்தாட்சி? சித்தியிடம் பில் இருந்தது. ஆனால் 'சுத்தமான பட்டு' என்று போட்டிருந்த பக்கத்தைப் படம் எடுத்து வைக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்த வரியையே மாற்றிவிட்டார்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பொருளைத் திருப்பி அனுப்பும் முன்பும் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

1915 நீதிமன்றம் இல்லை, கடையோடு பேசித் தீர்க்கப் பார்க்கும் இடம். அங்கே முடியவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

வங்கியோடு தகராறு என்றால், எடுத்த எடுப்பில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதினால் தள்ளுபடி ஆகிவிடும். முதலில் வங்கிக்கு எழுதுங்கள். மறுத்துவிட்டாலோ 30 நாள் பதிலே இல்லாவிட்டாலோ பிறகு அங்கே போகலாம்.

இன்னொன்று. கோபத்தில் சமூக ஊடகத்தில் ஆர்டர் எண், போன் நம்பர் எல்லாம் போட்டுப் புகார் எழுதாதீர்கள். கம்பெனிக்கு முன்னால் திருடன் பார்த்துவிடுவான். "சைபர் செல்லிலிருந்து பேசறோம், உங்க பணம் கிடைச்சிடுச்சு, 2,000 கட்டினா விடுவிக்கலாம்" என்று சித்திக்கே ஒரு போன் வந்தது. 1930-இல் புகார் கொடுக்கவோ பணத்தைத் திரும்ப வாங்கவோ யாருக்கும் ஜிபேயில் காசு அனுப்ப வேண்டியதில்லை. அப்படிக் கேட்டால் உடனே போனை வையுங்கள், அந்த எண்ணையும் புகாரில் சேருங்கள்.