அமீபா சிஸ்ட் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சூழல் மோசமானால் அமீபா தன்னைச் சுற்றி ஓர் உறை போட்டுக்கொள்கிறது." ஒட்டுண்ணி அமீபாக்களைப் பற்றிய குறிப்புகள் பலவும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஏதோ மழைக்கோட்டு மாட்டிக்கொள்வது போல! மற்ற தவறுகள் பலவும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன. சிஸ்ட் எனப்படும் இந்த உறங்கு பருவத்தில் உறை பாதிக் கதைதான். உள்ளே செல்லே மாற்றிக் கட்டப்படுகிறது.

மனிதக் குடலில் சீதபேதி உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டாலிட்டிகாவையே பாருங்கள். பெருங்குடலில் ஊர்ந்து இரை தின்னும் பருவமான டிரோபோசோயிட், முதலில் போலிக்கால்களை உள்ளிழுத்து உருண்டையாகிறது. செரிக்காத உணவை வெளியே தள்ளுகிறது. அப்புறம்தான் கைட்டின் என்ற கெட்டியான இழைப்பொருளாலான உறை. கைட்டின் இழைகளைப் பிணைக்கும் லெக்டின் புரதங்களையும் அந்தச் செல்லே சுரக்கிறது. இதற்கிடையே உள்ளே கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள் சேமிப்பாகச் சேர்கிறது. புரதம் கட்டும் ரைபோசோம்கள் படிகம்போல் நெருங்கி அடுக்கி, முனை மழுங்கிய குரோமட்டாய்டு தண்டுகளாகின்றன. நியூக்ளியஸ் இரண்டாகி, பிறகு நான்காகிறது; செல் மட்டும் பிரிவதில்லை.

இதைப் படமாக வரையும்போது எல்லாவற்றையும் ஒரே சிஸ்ட்டில் திணித்துவிடுகிறார்கள்: நான்கு நியூக்ளியஸ், பெரிய கிளைக்கோஜன் திட்டு, தடித்த தண்டுகள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வெவ்வேறு பருவங்களைக் கலந்த படம் அது. கிளைக்கோஜனும் தண்டுகளும் ஒன்றிரண்டு நியூக்ளியஸ் உள்ள இளம் சிஸ்ட்டில்தான் தெளிவாக இருக்கும். முதிர முதிர அவை கரைந்துபோகின்றன. ஸ்லைடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: அயோடின் போட்டால் கிளைக்கோஜன் பழுப்பாகத் தெரியும், தண்டுகள் அவ்வளவாக எடுபடாது. சலைன் (உப்புநீர்) ஸ்லைடையும் பார்க்காமல் 'தண்டு இல்லை' என்று எழுதிவிடக் கூடாது.

நான்கு நியூக்ளியஸ் தெரிந்தாலே ஹிஸ்டாலிட்டிகா என்று முடிவு கட்டுவதும் சரியல்ல. நோய் உண்டாக்காத எண்டமீபா டிஸ்பார் அச்சு அசலாக அப்படியே இருக்கும். முதிர்ந்தால் 8 நியூக்ளியஸ் கொள்ளும் எண்டமீபா கோலையும் இளமையில் 4 காட்டும்.

கல்லீரல் சீழ்க்கட்டியில் சிஸ்ட் தேடுவது வீண். ஹிஸ்டாலிட்டிகா குடலின் உட்குழியில்தான் சிஸ்ட் ஆகும், திசுவுக்குள் நுழைந்தபின் ஆகாது. ஆனால் இதை எல்லா அமீபாவுக்கும் விதியாக்கிவிடாதீர்கள். அகாந்தமீபா கண்ணின் கருவிழிக்குள்ளேயே சிஸ்ட் ஆகிறது. அங்கே சிகிச்சை நீண்டுபோக இது ஒரு முக்கியக் காரணம். அதன் உறையும் வேறு: இரண்டு அடுக்கு, செல்லுலோஸ் கலந்தது, அமீபா வெளியேற மூடியிட்ட துளைகள் கொண்டது. ஈறுகளில் வாழும் எண்டமீபா ஜிஞ்சிவாலிஸுக்கோ சிஸ்ட் பருவமே இல்லை.

அப்புறம் அந்த எண்ணிக்கை. நான்கு நியூக்ளியஸ் இருப்பதால் ஒரு சிஸ்ட்டிலிருந்து நான்கு அமீபா வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். சிறுகுடலில் உறையை விட்டு வெளிவருவது நான்கு நியூக்ளியஸ் கொண்ட ஒரே அமீபா. அதன்பின் ஒவ்வொரு நியூக்ளியஸும் இன்னொரு முறை பிரிந்து, கடைசியில் கிடைப்பவை 8 குட்டி அமீபாக்கள்.