குழந்தை கஸ்டடி வழக்கு: அம்மாக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாய்தாவுக்கு ஒழுங்காக வர வேண்டும், கோர்ட் வராந்தாவில் சண்டை போடக் கூடாது என்பதையெல்லாம் உங்கள் வக்கீலே சொல்லிவிடுவார். குடும்ப நல நீதிமன்றத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குவது வேறு இடங்களில்.

"ஐந்து வயது வரை அம்மாவுக்குத்தானே?"

1956-ஆம் ஆண்டு இந்து சிறார் காப்பாளர் சட்டத்தின் 6-வது பிரிவு சொல்வது பொது விதி, உத்தரவாதம் இல்லை. 13-வது பிரிவு குழந்தையின் நலனையே எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறது. ஐந்து முடிந்த மறுநாளே குழந்தை அப்பாவிடம் போய்விடும் என்ற பயமும் வீண்.

குழந்தையை விட்டுவிட்டு வந்து, காத்திருப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். சண்டை முற்றிப் பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். "ஸ்கூல் கெட்டுப்போகும், பிள்ளை அங்கேயே இருக்கட்டும், பெரியவங்க பேசி முடிக்கட்டும்" என்கிறார்கள். ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்று நாள் ஓடுகிறது.

திருநெல்வேலிப் பெண் ஒருவர் அப்படித்தான் ஒன்றரை வருடம் காத்திருந்தார். பையன் கோயம்புத்தூரில். அதற்குள் அவன் பாட்டியோடு ஒட்டிவிட்டான். போனில்கூடச் சரியாகப் பேசுவதில்லை. "தாயே விருப்பப்பட்டு விட்டுச் சென்றார்" என்று கணவர் தரப்பில் கவுண்டர் (பதில் மனு) போட்டார்கள். நீதிபதி சேம்பரில் தனியாகக் கேட்டபோது, பாட்டியோடு இருக்கிறேன் என்றான். கிடைத்தது பார்வையிடும் உரிமை மட்டும். 1890-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டப்படி குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊர் கோர்ட்டில்தான் மனுப் போட வேண்டும் என்பதால், ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோவைக்கு பஸ் ஏறினார். பேச்சுவார்த்தைக்கு வந்த பெரியவர்கள் ஒருவர்கூட உடன் போகவில்லை.

பேசுகிறவர்கள் பேசட்டும், மனுவும் நடக்கட்டும். அந்த 1890 சட்டத்திலேயே இடைக்கால உத்தரவு கேட்க 12-வது பிரிவு இருக்கிறது. விவாகரத்து வழக்கு நடந்தால் இந்து திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவு. குடும்ப வன்முறை என்றால் 2005 சட்டத்தின் 21-வது பிரிவில் மாஜிஸ்திரேட்டிடமே தற்காலிக கஸ்டடி கேட்கலாம். அடிக்குப் பயந்து தனியே ஓடி வந்திருந்தால், அதை முதல் மனுவிலேயே எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சொன்னால், ஜோடித்த கதை என்பார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் "பிள்ளை அப்பாவிடம் இருக்கட்டும்" என்று எழுதிக் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

சம்பளம் இல்லையே என்று ஒதுங்குவது

குழந்தையின் செலவுக்கு அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லை என்றால் இலவசமாக வக்கீல் வைத்துத் தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது.

அப்பா பார்க்க வேண்டிய நாளில் பிள்ளைக்குக் "காய்ச்சல்" என்று சாக்குச் சொல்வது

முதல் தடவை நீதிபதி நம்புவார்.

ஒரு உத்தரவோடு ஓய்ந்துவிடுவது

கஸ்டடி உத்தரவு கல்வெட்டு இல்லை. சூழ்நிலை மாறினால் அதையும் மாற்றலாம் என்று 1973-இல் ரோஸி ஜேக்கப் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. திருநெல்வேலிக்காரர் இப்போது மாற்றக் கேட்டு மறுபடி மனுப் போட்டிருக்கிறார்.