ஏப்ரல், மே மாதப் பனிச்சறுக்கு: மாமத் மலையில் முதல் நாளுக்கான செய்முறை

கலிஃபோர்னியாவின் கிழக்கு சியராவில் இருக்கும் மாமத் மலையில் குளிர்காலம் போனபிறகும் பனி போவதில்லை. அடிவாரத்து மெயின் லாட்ஜே சுமார் 9,000 அடி உயரம்; உச்சி 11,053 அடி. பெரும்பாலான ஆண்டுகளில் மே கடைசி வரை, சறுக்குபவர்களை மேலே ஏற்றிவிடும் நாற்காலி லிஃப்ட் ஓடும். பனி கொட்டித் தீர்த்த 2023இல் ஆகஸ்ட் 6 வரை ஓடியது. கூட்டம் குறைவு, விரல் மரத்துப்போகாது, இளகிய பனியில் விழுந்தாலும் அடி குறைவு. புதிதாகக் கற்பவருக்கு இது தோதான பருவம்தான், மணி பார்த்துச் சறுக்கினால். ஒரே சரிவு காலை எட்டு மணிக்குக் கண்ணாடித் தரை, பத்தரைக்கு வெண்ணெய், இரண்டு மணிக்குச் சேறு.

முதலில் பனியைப் படியுங்கள்

பகலில் மேல்பனி உருகும், இரவில் திரும்ப உறையும். பல நாள் இப்படி நடந்தால் பனியின் கூர்முனைகள் மழுங்கி, கல்லுப்பு போலப் பரல் பரலாகிவிடும். இதைத்தான் ‘கார்ன்’ பனி என்கிறார்கள். விடிகாலையில் பரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாய்க் கிடக்கும். வெயில் ஏற ஏற மேலே ஓரிரு அங்குலம் மட்டும் இளகும். அடியில் கெட்டியாகத் தாங்கும். நமக்கு வேண்டியது இந்த இடைப்பட்ட நேரம். மெயின் லாட்ஜ் பக்கம் அது பெரும்பாலும் ஒன்பதரையிலிருந்து நண்பகல் வரை.

முந்தின இரவு பனி உறைந்ததா என்பதை வெப்பமானி மட்டும் சொல்லாது. வானம் தெளிவாக இருந்தால் பனி தன் வெப்பத்தை மேலே இழந்துவிடும். காற்று சுழியத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் மேற்பரப்பு உறைந்துவிடும். மேகம் போர்வைபோல மூடியிருந்தால் உறையாது, காலையிலேயே சொதசொதப்புதான். ஆகவே வானிலை அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது இரவு மேகமூட்டம்.

வழியும் வாடகையும்

லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 14, 395 சாலைகளில் ஏறக்குறைய 5 மணி நேரம். சான் பிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து வருபவர்கள் யோசெமிட்டி வழியே குறுக்கே போய்விடலாம் என்று கணக்குப் போடவேண்டாம்: டயோகா கணவாய் வழக்கமாக மே கடைசி அல்லது ஜூன் வரை மூடியிருக்கும். தாஹோ ஏரிப் பக்கமாகச் சுற்றி 395ஐப் பிடிக்க வேண்டும். ஏப்ரலிலும் பனிப்புயல் வரும்; டயர் சங்கிலி வண்டியில் இருக்கட்டும்.

ஸ்கி (சறுக்குப் பலகை), பூட், கைக்கோல், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்கே எடுங்கள், முதல் வருடம் வாங்குவது வீண். ஸ்கியைச் செங்குத்தாக நிமிர்த்திப் பிடித்தால் அதன் முனை உங்கள் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வரவேண்டும். எடையையும் திறமையையும் கடைக்காரரிடம் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது பூட்டை விடுவிக்கும் பைண்டிங்கின் இறுக்கத்தை அதை வைத்துத்தான் திருப்புவார்கள். கூச்சப்பட்டுக் கூட்டிச் சொன்னால் முழங்கால்தான் விலை கொடுக்கும்.

‘வெயில் காலத்து மெழுகு தேய்த்திருக்கிறதா?’ என்றும் கேளுங்கள். ஈரப் பனியில் ஸ்கியின் அடியில் நீர்ப்படலம் உருவாகி, ஈரக் கண்ணாடிகள் இரண்டு ஒட்டிக்கொள்வதுபோல் இழுக்கும். குளிருக்கான மெழுகு இங்கே உதவாது. கையால் தேய்க்கிற பசை மெழுகு ஒரு டப்பி பையில் இருந்தால் நடுவில் ஒருமுறை பூசலாம்.

உடை

உள்ளே மெல்லிய முழுக்கைச் சட்டை, மேலே தண்ணீர் புகாத மெல்லிய ஜாக்கெட், ஸ்கி பேன்ட். ஜீன்ஸ் கூடவே கூடாது: இரண்டாவது விழுதலில் நனைந்து கனக்கும். வெயிலென்று அரைக்கைச் சட்டை போட்டால், விழும்போது அந்தப் பரல்கள் உப்புத்தாள்போல் தோலை உரித்துவிடும். பனி வெயிலைக் கீழிருந்து மேலாகவும் அடிக்கும். சன்ஸ்கிரீனை மோவாய்க்கு அடியிலும் மூக்குத் துவார விளிம்பிலும் தடவி, இரண்டு மணிக்கொருதரம் திரும்பப் பூசுங்கள். கருங்கண்ணாடியில்லாமல் சறுக்கினால் கண் எரிச்சல் பல மணி நேரம் கழித்து, இரவில்தான் தெரியும்.

சரிவில்

8:30: பூட்டைத் தளர்வாக மாட்டுங்கள். வெயிலில் பிளாஸ்டிக் இளகும்போது ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பல் கூட்டுங்கள். இதை மறப்பவர்கள்தான் பதினொரு மணிக்குக் ‘கால் சொன்னபடி கேட்கவில்லை’ என்பார்கள்.

9:30: டிஸ்கவரி லிஃப்ட் பகுதியில் தொடங்குங்கள். தாழ்வான சரிவும், கிழக்கு பார்த்த சரிவும் முதலில் இளகும். உயரமானதும் வடக்கு பார்த்ததும் கடைசியில். வெயில் போகிற வழியே நீங்களும் போங்கள். திருப்பமும் நிறுத்தமும் கைவந்தபிறகே பிராட்வே லிஃப்ட்.

கெட்டிப் பனியில் எடை, திருப்பத்தின் வெளிப்பக்கம் இருக்கும் காலில் நிற்கும். இளகிய பனியில் அப்படி அழுத்தினால் அந்த ஸ்கி புதையும். எடையை இரு காலிலும் பகிர்ந்து, கால்களைச் சற்று நெருக்கி, பெரிய வட்டமாகத் திரும்புங்கள். ஸ்கிகளின் பின்பக்கத்தை ‘A’ எழுத்து வடிவில் அகல விரித்துப் பிரேக் பிடித்தால் உள்விளிம்பு சேற்றில் மாட்டி முழங்கால் முறுக்கும். வேகத்தைக் குறைக்க, திருப்பத்தை மேல்நோக்கி முடியுங்கள்.

பலரைக் கவிழ்ப்பது நிழல் முடியும் இடம். மர நிழலில் பனி வழுக்கும். வெயிலில் கால் வைத்ததும் யாரோ பிடித்து இழுத்ததுபோல் ஸ்கி நிற்கும், உடம்பு முன்னே போகும். அந்த எல்லைக்கு இரண்டு மீட்டர் முன்பே ஒரு காலைப் பாதி பூட் அளவு முன்தள்ளி, கணுக்காலையும் முழங்காலையும் மடக்கிக்கொள்ளுங்கள். திருப்பத்தின் நடுவில் எல்லையைக் கடக்காதீர்கள்.

நின்ற இடத்தில் ஸ்கியைக் கழற்றிப் பாருங்கள். பூட் கணுக்காலுக்கு மேல் புதைந்தால் அந்தச் சரிவு அன்றைக்கு முடிந்தது. மணி பன்னிரண்டோ பதினொன்றோ, இறங்கிவிடுங்கள். தளர்ந்த காலோடு கனத்த பனியில் மெதுவாக முறுக்கி விழும்போது பைண்டிங் விடுவிக்காமல் போகலாம்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகாதீர்கள்

மாமத் ஓர் எரிமலை. அதன் வாயுத் துளைகள் பனிக்கடியில் குழி பறித்து வைத்திருக்கும். காற்றைவிடக் கனமான கார்பன் டை ஆக்சைடு அங்கே தேங்கும். 2006 ஏப்ரலில் அப்படியொரு துளைக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தபோது பனி இடிந்து, மலையின் ரோந்துப் பணியாளர்கள் மூவர் இறந்தார்கள். மலையைக் கரைத்துக் குடித்தவர்களுக்கே அந்தக் கதி. கயிறும் மூங்கிலும் கட்டியிருந்தால், அப்பால் எவ்வளவு அழகான பனி தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். உருகி வெளிவந்த பாறைகளும் ஓடைக் குழிகளும் அந்தப் பக்கம்தான் அதிகம்.

இறங்கியபிறகு

பூட்டின் உள்ளுறையை வெளியே இழுத்து, காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். ஹீட்டர்மேல் வேண்டாம், உருவம் கெடும். ஸ்கியின் இரும்பு விளிம்பைத் துணியால் துடையுங்கள், ஒரே இரவில் துரு ஏறும். அடிப்பக்கத்தில் பைன் மகரந்தம் மஞ்சள் அழுக்காகப் படிந்திருந்தால், ஈரம் காய்வதற்குள் வழித்தெடுத்துவிட்டு மறுநாளைக்கு மெழுகு பூசி வையுங்கள்.