ஊருக்கு உழைப்பவரிடம் பேசிப் பதிவு செய்வது எப்படி?

தம் ஊரின் நன்மைக்காக உழைக்கும் ஒருவரைச் சந்தித்து, அவர் பேச்சை எழுத்தில் கொண்டுவர விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். அவருடைய பெருமையை விட்டுவிட்டு வேலையைக் கேளுங்கள் என்பதே இதன் அடிப்படை. பெருமையைப் பற்றிக் கேட்டால் மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் "அதுல என்னப்பா இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்; வேலையைப் பற்றிக் கேட்டால் பொழுது போவதே தெரியாமல் பேசுவார்கள்.

1. ஆளைத் தேர்ந்தெடுத்தல்

விருது பெற்றவரைத் தேட வேண்டியதில்லை. கண்மாய் மடையைப் பொறுப்பாகத் திறந்து மூடுபவரும், மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவரும் போதும். மறுமுறையும் போக வேண்டியிருக்கும் என்பதால் பக்கத்தில் இருப்பவராகப் பாருங்கள்.

2. முன்கூட்டித் தெரிந்துகொள்ளுதல்

ஏற்கெனவே அச்சில் வந்தவற்றைப் படித்துவிட்டால், அவற்றையே திரும்பக் கேட்டு அவரைச் சலிப்படையச் செய்ய மாட்டீர்கள். மதுரையை அடுத்த கொடிக்குளம் அரசுப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்துவதற்காகத் தம் நிலத்தைக் கொடையளித்த ஆயி பூரணம் அம்மாளைப் பற்றி 2024 ஜனவரியில் செய்தி வந்தபோது, நிலத்தின் மதிப்பு எத்தனை கோடி என்பதே பெரிதாகப் பேசப்பட்டது. நடுநிலைப் பள்ளியை முடித்த பிள்ளைகள் அதுவரை எங்கே சென்று படித்தார்கள், எத்தனை பேர் படிப்பை நிறுத்தினார்கள் என்று கேட்டால்தான் அந்தக் கொடையின் தேவை வாசகருக்குப் புரியும்.

3. கேள்விகளைத் தயாரித்தல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. "இந்தச் சேவைக்கு எப்படி வந்தீர்கள்?" என்ற கேள்வியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, கை செய்யும் வேலையிலிருந்து தொடங்குங்கள்: கண்மாயில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஆண்டில் முதலில் எந்த மடையைத் திறப்பீர்கள், கடைமடைக்காரர் சண்டைக்கு வந்தால் யார் பேச்சு எடுபடும்?

பிளாஸ்டிக் கழிவைச் சாலை போடப் பயன்படுத்தும் முறையைத் தியாகராசர் பொறியியல் கல்லூரியில் உருவாக்கி, 2018-இல் பத்மஸ்ரீ பெற்ற பேராசிரியர் வாசுதேவனை எடுத்துக்கொள்வோம். பிளாஸ்டிக்கைத் தாரில் கலக்காமல் சூடான ஜல்லியின் மேல் ஏன் தூவுகிறார்கள் என்பதே நல்ல தொடக்கக் கேள்வி. உருகிய பிளாஸ்டிக் ஜல்லியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து, நீர் உள்ளே புகுவதைக் குறைத்து, தாரை இறுகப் பிடித்துக்கொள்ள உதவுகிறது. இந்தப் பதிலைக் கேட்ட பிறகு அடுத்த கேள்விகள் தாமாகவே பிறக்கும்.

பெண்கள் கூடிப் பணம் சேமிக்கும் களஞ்சியம் மகளிர் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை அம்மாளிடமும், விருது விழாவில் பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கியதைத்தான் பலரும் கேட்டிருப்பார்கள். வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டி நிலக்காரரிடம் கூலி பேசியது எப்படி, ஒரு பெண்ணால் அந்த மாதச் சேமிப்பைக் கட்ட முடியாதபோது குழு என்ன செய்தது என்று கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த வணக்கத்துக்கு முன்பிருந்த நெடுங்கால உழைப்பு அதில்தான் வெளிப்படும்.

4. சந்தித்தல்

நடவு, அறுவடை நாள்களைத் தவிர்த்து, அவருக்கு வசதியான நேரத்தைக் கேட்டுச் செல்லுங்கள். ஐயா, அம்மா என்றே அழையுங்கள். அவராக "என்னை அப்பத்தான்னே கூப்பிடு" என்று சொன்னால் அப்படியே அழைக்கலாம்.

ஒலிப்பதிவுக்கு அனுமதி பெற்ற பின், செல்பேசியை ஃப்ளைட் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் அவருக்கு அருகில் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தம்ளரை வைக்கும் சத்தம்கூட இடி போலப் பதிவாகும். மின்விசிறி இரைச்சலிட்டால் திண்ணைக்கோ மரத்தடிக்கோ மாறிக்கொள்ளுங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் சற்றுப் பொறுத்திருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகே வரும்.

5. எழுதுதல்

உங்கள் விளக்கம் எழுத்துத் தமிழில் இருக்கட்டும். மேற்கோள்களில் அவர் பேசிய தமிழைத் திருத்தாதீர்கள்.

6. படித்துக் காட்டுதல்

வெளியிடுவதற்கு முன் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். கூலி, கடன், குடும்பத் தகராறு பற்றி நம்பிச் சொன்னவற்றுள் எது வெளியே வரக்கூடாது என்று வெளிப்படையாகக் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றதை ஒலிப்பதிவிலிருந்தும் நீக்கிவிட்டு, பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு படியை அவரிடம் கொடுத்த பிறகே வெளியிடுங்கள்.