ஐரோப்பாவுக்கு போல்ட், நட் அனுப்புகிறீர்களா? கார்பன் கணக்கை இப்படிப் போடுங்கள்

அங்கே வாங்குகிறவரிடமிருந்து "சிபாம் விவரம் அனுப்பு" என்று மெயில் வந்திருக்கும். இறக்குமதிப் பொருளின் கார்பனுக்கு விலை வைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த ஏற்பாடு 2023 அக்டோபரில் அறிக்கை கேட்பதோடு தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து காசு விஷயமாகிவிட்டது. கட்ட வேண்டியவர் இறக்குமதி செய்கிறவர்தான். ஆனால் அதை யார் தலையில் கட்டப் பார்ப்பார் என்று சொல்லவா வேண்டும்?

முதலில் இன்வாய்ஸில் எச்எஸ் கோடை, அதாவது சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்ணை, பாருங்கள். போல்ட், நட் வகைக்கான 7318 என்றால் நீங்கள் உள்ளே. அடுத்து, வெளிநாடுகளிலிருந்து இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு எத்தனை டன் இறக்குகிறார் என்று அவரிடமே கேளுங்கள். 50 டன்னைத் தாண்டாவிட்டால் அவருக்கு விலக்கு, உங்களுக்கும் வேலை மிச்சம்.

தாண்டினால் கணக்கு. பலர் கரண்ட் பில்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரும்புப் பொருளுக்கு விலை போடும்போது மின்சாரம் கணக்கில் வராது, ஹீட் ட்ரீட்மென்ட் உலையில் எரிக்கும் எல்பிஜி, ஃபர்னஸ் ஆயில் மாதிரி எரிபொருள் வரலாம். வந்தாலும் அது சில்லறைதான். பெரிய தொகை போல்ட் செய்ய நீங்கள் வாங்கும் ஒயர் ராடில், அதாவது எஃகுக் கம்பிச் சுருளில், இருக்கிறது: இரும்புத் தாதுவை நிலக்கரிக் கோக்கால் உருக்கும் பிளாஸ்ட் ஃபர்னஸ் வழியில் வந்த எஃகு என்றால் டன்னுக்கு 2 டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு, ஸ்கிராப்பை மின் உலையில் உருக்கியது என்றால் அதைவிட வெகு குறைவு.

உதாரணத்துக்கு, ராடு தரும் எஃகு மில் டன்னுக்கு 2.2 டன் கார்பன் டை ஆக்சைடு என்கிறது, 1 டன் போல்ட்டுக்கு 1.1 டன் ராடு போகிறது என்று வையுங்கள். 2.42 ஆயிற்று. உலையில் 40 கிலோ எல்பிஜி எரிந்தால், கிலோவுக்குச் சுமார் 3 கிலோ வீதம், அதையும் சேர்த்தால் இன்னொரு 0.12. மொத்தம் 2.54 டன். உங்கள் பங்கு எவ்வளவு சின்னது பாருங்கள்!

அதனால் மில் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்கிற மாதிரியே, பர்ச்சேஸ் ஆர்டரிலேயே கார்பன் விவரத்தையும் கேட்டுவிடுங்கள். ஸ்டாக்கிஸ்டிடம் வாங்கினால் காயிலில் தொங்கும் டேக்கைத் தூக்கிப் போடாதீர்கள், எந்த மில் என்பதற்கு அதுதான் ஆதாரம். உண்மையான எண் இல்லாவிட்டால் ஒன்றியம் வைத்திருக்கும் பொது மதிப்பைத்தான் போடுவார்கள், அது வேண்டுமென்றே கூட்டி வைத்தது. உங்கள் எண்ணை அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் பார்த்துச் சான்று தரவும் வேண்டும். கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஏப்ரல்-மார்ச் பழக்கத்தில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

அப்புறம் பேரம். 2026 சரக்குக்கான கணக்கை வாங்குகிறவர் 2027 செப்டம்பர் 30-க்குள் கொடுத்தால் போதும். ஐரோப்பிய ஆலைகளுக்குக் கார்பன் வெளியிடும் அனுமதியில் இலவச ஒதுக்கீடு இன்னும் இருப்பதால் அவருக்கும் கட்டணத்தில் அதற்கேற்ற கழிவு உண்டு, அது படிப்படியாகக் குறைந்து 2034-இல்தான் நிற்கும். ஆகவே 2.54-ஐ முழு கார்பன் விலையால் பெருக்கி உங்கள் ரேட்டைக் குறைக்கச் சொன்னால், கழிவு எங்கே என்று கேளுங்கள்.