‘பாதத்தில் நாடி உண்டு’ என்று எழுதுவதற்கு முன்

போன வாரம் வார்டில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி, படுக்கைக்கு இரண்டடி தள்ளி நின்றபடியே ‘இரு பாதங்களிலும் நாடி உண்டு’ என்று எழுதிக்கொண்டிருந்தாள். நோயாளியின் கால்மேல் கிடந்த போர்வை விலகவே இல்லை. பேனாவை வாங்கி வைத்துவிட்டு, அவள் விரல்களைப் பிடித்து அந்தப் பாதத்தின்மேல் வைத்தேன். “எங்கே சிஸ்டர், ஒன்றும் தெரியவில்லையே” என்றாள். அப்படியானால் எழுதியது எதை?

கட்டைவிரலால் நாடி பார்க்கக் கூடாது என்பதை எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. அதை விட்டுவிடுகிறேன். புத்தகம் படித்தவர்களும் செய்கிற தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

தொடாமலே ‘உண்டு’ என்று எழுதுவது

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். விபத்தில் முழங்கால் மூட்டு விலகிய இளைஞர் ஒருவர் வந்தார். மூட்டைச் சரியாக அமர்த்தி, மாவுக்கட்டுப் பட்டை வைத்து வார்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத நாடியைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். இரவு 10 மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், நன்றாக இருந்தது. 12 மணிக்கு அவர் அசந்து தூங்கினார். எழுப்ப மனமில்லாமல் ‘உண்டு’ என்று எழுதினேன். 2 மணிக்கும் அதையே எழுதினேன். 4 மணிக்கு வலி தாங்காமல் அவர் கத்தியபோது பாதம் வெளுத்து, சில்லிட்டுக் கிடந்தது.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பாப்ளிட்டியல் தமனி, மேலே தொடைத் தசைநாரின் துவாரத்திலும் கீழே கெண்டைக்கால் தசையின் வளைவிலும் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். மூட்டு விலகும்போது அது நழுவி ஒதுங்க வழியில்லை, இழுபடும். சில சமயம் முழுதாக அறுபடாமல் உள்சுவர் மட்டும் கிழியும். அப்போது ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், பாதத்தில் நாடியும் கிடைக்கும். கிழிந்த இடத்தில் ரத்தம் மெல்ல மெல்லக் கட்டியாக உறைந்து, சில மணி நேரம் கழித்து வழி அடைபடும். 10 மணிக்கு இருந்த நாடி 12 மணிக்கு இருந்தாக வேண்டும் என்பதில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்வதே இதற்காகத்தான்.

அறுவை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: “கடைசியாக எத்தனை மணிக்கு நாடி இருந்தது?” தாளில் 2 மணி என்று இருந்தது. உண்மை 10 மணி. சொன்னேன். ரத்த ஓட்டம் நின்ற தசை ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அந்தக் கணக்கை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுக்கிறார்கள். என் இரண்டு பொய் வரிகள் அந்தக் கணக்கையே நான்கு மணி நேரம் தள்ளி வைத்திருந்தன. மற்றக் காலிலிருந்து சிரையை எடுத்துத் தமனியை ஒட்டுப்போட்டார்கள். கால் தப்பியது. கெண்டைக்கால் தசையில் ஒரு பகுதி செத்துப்போய் வெட்டி எடுக்கப்பட்டது. அவரால் பாதத்தை மேலே தூக்கி நடக்க முடியாமல் போனது.

இத்தனை வருடம் கழித்தும் போர்வை விலகாத ஒரு ‘உண்டு’வைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆகவே, பெருவிரலைத் தூக்கினால் பாதத்தின்மேல் எழும்பும் தசைநாரைப் பாருங்கள். அதற்கு வெளிப்பக்கம், சுண்டுவிரல் இருக்கும் திசையில் விரல்களை மெல்ல வையுங்கள். அதுதான் டார்சாலிஸ் பீடிஸ் என்ற மேல்பாத நாடி. உள் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் போஸ்டீரியர் டிபியல் என்ற இன்னொரு பாத நாடி கிடைக்கும். அழுத்தினால் பாத நாடி அமுங்கிப்போகும், உங்கள் விரல்நுனியின் துடிப்புதான் கேட்கும். சந்தேகம் வந்தால் மறு கையால் உங்கள் நாடியையோ நோயாளியின் மணிக்கட்டு நாடியையோ சேர்த்துப் பிடியுங்கள். எதோடு ஒத்துப்போகிறது என்று உடனே தெரிந்துவிடும். கிடைத்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அடுத்த டியூட்டிக்காரர் தேட வேண்டாம்.

நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் டார்சாலிஸ் பீடிஸ் பிறவியிலேயே கைக்கு எட்டாது. அதனால் மறுகாலையும் பாருங்கள், ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவி இருந்தால் வைத்துக் கேளுங்கள். ‘உண்டு’, ‘கிடைக்கவில்லை’, ‘பார்க்கவில்லை’ மூன்றும் மூன்று வேறு செய்திகள். மூன்றாவதை எழுத வெட்கப்படாதீர்கள்.

நாடி இருக்கிறது, ஆகவே கால் நன்றாக இருக்கிறது

இல்லை. கெண்டைக்காலின் தசை அறைக்குள், அதாவது தசைகளைச் சுற்றியிருக்கும் இறுக்கமான உறைக்குள், அழுத்தம் ஏறும்போது நாடி கடைசிவரை இருக்கும். காயத்துக்குப் பொருந்தாத வலி, கால்விரலை நீங்கள் நீட்டி மடக்கும்போது உயிர்போகும் வலி, இவைதான் முன்னால் வரும்.

கழுத்தின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் அழுத்துவது

கூடாது. ஒரு பக்கம், மெதுவாக.

15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது

சீரான நாடிக்குப் பரவாயில்லை. தாளம் தப்பினால் முழு நிமிடம் எண்ண வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) உள்ளவருக்கு இதயத்தின் எல்லாத் துடிப்பும் மணிக்கட்டுவரை வந்து சேராது. ஒருவர் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் மற்றவர் நாடி பிடித்தும் ஒரே நிமிடத்தை எண்ணினால், இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தெரியும். எண்ணை மட்டும் எழுதி, ‘சீரற்றது’ என்ற சொல்லை விட்டுவிட்டால் பாதி தகவல் போய்விடுகிறது. தாளம் தப்பிய இதயத்தில் உறையும் ரத்தக்கட்டிதான் சில சமயம் தொடைத் தமனியில் போய் அடைத்துக்கொள்கிறது.

மயங்கிக் கிடப்பவரின் மணிக்கட்டில் தேடுவது

ரத்த அழுத்தம் விழும்போது கழுத்து நாடிக்கு முன்பே மணிக்கட்டு நாடி மறைந்துவிடும். பெரியவர்களுக்குக் கழுத்தில், குரல்வளைக்குப் பக்கவாட்டில் உள்ள பள்ளத்தில் பாருங்கள். ஒரு வயதுக்குள்ளான குழந்தைக்கு மேல்கையின் உட்புறம். மூச்சையும் சேர்த்துக் கவனித்து 10 நொடிக்குள் முடிக்க வேண்டும். மூச்சு இயல்பாக இல்லாமல், நாடியும் நிச்சயமாகத் தெரியவில்லை என்றால் மார்பு அழுத்தத்தைத் தொடங்குங்கள்.

தொடை இடுக்கில் குத்துமதிப்பாகக் குத்துவது

இடுப்பெலும்பின் முன்முனைக்கும், நடுவில் எலும்புகள் இணையும் இடத்துக்கும் சரிபாதியில் தொடைத் தமனி துடிக்கும். அதற்கு வெளிப்பக்கம் நரம்பு, உள்பக்கம் சிரை. ரத்த மாதிரி எடுக்கும் முன் இந்த வரிசையை விரலால் உணருங்கள்.

நாடி கிடைக்காதபோது மருத்துவரை எழுப்பத் தயங்குவது

அன்று 4 மணிக்கு நான் தயங்கியதில் இன்னும் அரை மணி நேரம் போனது. எழுப்புங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு உங்கள் விரலில் நாடி கிடைத்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.